21 வருட ஜாவா அனுபவம், வயது 44: இனி எதில் ஆழமாகப் போவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். வயது 44, சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் 21 வருட அனுபவம். ஸ்ட்ரட்ஸில் ஆரம்பித்து ஸ்ப்ரிங், வெப்லாஜிக், ஆரக்கிள் என்று போய், கடந்த ஆறு வருடமாக டெக் லீட். ப்ராஜெக்ட் முடிந்து இப்போது பென்ச், அதாவது அடுத்த ப்ராஜெக்ட்டுக்குக் காத்திருப்பு. வேலை தேடினால் எல்லாமே தனித்தனித் துறையாக இருக்கிறது: ப்ரண்ட்எண்ட் (திரையில் தெரியும் பக்கம்), எஸ்ஆர்இ (சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை), டேட்டா இன்ஜினியர், பிளாட்ஃபார்ம், எம்எல் (மெஷின் லேர்னிங்). ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடத் தனி அனுபவம் கேட்கிறார்கள். எதைப் படிப்பது, இந்த வயதில் அது எடுபடுமா?

என் பதில்: மெஷின் லேர்னிங் பக்கம் போக வேண்டாம், ப்ரண்ட்எண்டுக்கான ரியாக்ட் பக்கமும் வேண்டாம். திரைக்குப் பின்னால் ஓடும் பேக்எண்டிலேயே இருங்கள், ஆனால் அதற்குள் ஒரு இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லோடு ஏறும்போது சர்வீஸும் டேட்டாபேஸும் மோதிக்கொள்ளும் இடம் அது. ஜேவிஎம் (ஜாவா ஆப்பை ஓட்டும் இயந்திரம்), கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு), லாக் (டேட்டாபேஸ் பூட்டு), க்வெரி பிளான் (க்வெரியை ஓட்ட டேட்டாபேஸ் எடுக்கும் வழி), ஆப்பை அடைத்து ஓட்டும் கன்டெய்னரின் மெமரி வரம்பு எல்லாம் ஒன்றின் காலை ஒன்று மிதிப்பது அங்கேதான். புதிதாக வருகிறவர்கள் அதை விரும்பிப் படிப்பதில்லை. டெமோ காட்டி மெச்சிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. உங்களிடம் அதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பாருங்கள். 2004 வாக்கில் ஒரே ஆள் திரைக்கான ஜேஎஸ்பியும் எழுதினார், சர்வருக்கான இஜேபியும் எழுதினார், டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல்லும் எழுதினார். கட்டி முடித்த வார் ஃபைலை வெப்லாஜிக் சர்வரில் அவரே ஏற்றினார். 2006-இல் அமேசானின் க்ளவுட் சேவைகளான எஸ்3, இசி2 வந்தன. 2013-இல் கன்டெய்னருக்கு டாக்கரும் திரைக்கு ரியாக்ட்டும், 2014-இல் கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸ். ஒவ்வொன்றும் அந்த ஒரு ஆளின் வேலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு பதவிப் பெயரும் வைத்துக்கொண்டது. துண்டுகள் பலவாக இருந்தாலும் அடியில் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் பழையது. எஸ்க்யூஎல் 1986-இல் தரமாக்கப்பட்டது. விண்டோ ஃபங்ஷன்கள் 2003-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்தவை, டேட்டா இன்ஜினியர் நேர்காணலில் இன்றைக்கும் அவற்றைத்தான் கேட்கிறார்கள். நெட்வொர்க்கின் டிசிபி விதிகள் 1981-இல் எழுதப்பட்டு 2022-இல் திருத்தித் தொகுக்கப்பட்டன, அடிப்படை அதேதான். டேட்டாபேஸில் தேடலுக்கு உதவும் பி-ட்ரீ இண்டெக்ஸுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

செத்தவற்றையும் பாருங்கள். ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. சில்வர்லைட் 2021 அக்டோபரில், ஆங்குலரின் முதல் தலைமுறை 2021 டிசம்பரில். மூன்றும் திரையில் தெரிகிற அடுக்கைச் சேர்ந்தவை. அந்த அடுக்கில் 44 வயதில் நுழைந்தால், எட்டு வருடத்துக்கு ஒருமுறை 26 வயதுக்காரரோடு சமமாக ஓட வேண்டியிருக்கும். ஓட முடியாது என்று சொல்லவில்லை. உங்கள் 21 வருடம் அங்கே ஒரு காசுக்கும் உதவாது, அதுதான் பிரச்சினை.

படிக்க உட்காரும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி ஒரு கணக்கெடுப்பு செய்யுங்கள். கடந்த சில வருடங்களில் நீங்களே தீர்த்த ப்ரொடக்ஷன் சிக்கல்களில் பத்தை எழுதுங்கள். பழைய டிக்கெட்டுகளையும் மெயில்களையும் பார்த்தால் ஞாபகம் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எந்த அடுக்கில் இருந்தது என்று குறியுங்கள்: க்வெரியா, லாக்கா, பூலா, ஜிசியா (ஜாவா தானே மெமரியைத் துப்புரவு செய்வது), நெட்வொர்க்கா, பிசினஸ் லாஜிக்கா. உங்களைப் போன்ற பின்னணி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதல் மூன்றில்தான் கூட்டம் சேரும். நைட் பேட்ச் ஆறு மணிக்கு முடியாமல் காலை ஆன்லைன் டிராஃபிக்கோடு மோதியது, ஓரிடத்தில் கமிட் விட்டுப்போய் டேபிளே பூட்டிக்கொண்டது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பழசாகி பிளான் மாறியது. இவற்றைத்தான் இன்று ரிலையபிலிட்டி என்றும் பெர்ஃபாமன்ஸ் இன்ஜினியரிங் என்றும் அழைக்கிறார்கள். பத்தில் ஆறு ஏழு பிசினஸ் லாஜிக்கிலேயே விழுந்தால் உங்கள் வழி வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி என்ன படிப்பது. வாரத்துக்கு ஆறு மணி நேரம், ஒன்பது மாதம் என்று கணக்கு வையுங்கள், கிட்டத்தட்ட 220 மணி நேரம். இரண்டு மணி நேரத் துண்டுகள் மூன்றாக இருக்கட்டும். தினம் அரை மணி என்று பிரித்தால் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, போன வாரம் எங்கே விட்டோம் என்று பார்ப்பதற்குள் நேரம் போய்விடும். வீடியோ பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும்.

முதல் இரண்டு மாதம் ஜாவா 8-லிருந்து 21-க்கு வர. ஜாவா 8 வந்தது 2014 மார்ச்சில். 21 வந்தது 2023 செப்டம்பரில். 25-ம் 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. ரெக்கார்ட், சீல்டு கிளாஸ், ஸ்விட்சில் பேட்டர்ன் மேட்சிங், டெக்ஸ்ட் பிளாக் இதெல்லாம் ஒரு வாரத்து விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. நேரம் பிடிப்பது ஸ்ப்ரிங் பூட் 2-லிருந்து 3-க்கு மாறுவது. அதற்காகவே ஒரு பழைய ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கோடு வேண்டாம், ஓப்பன் சோர்ஸில் எதையாவது எடுங்கள். முதலில் 2.7-க்கு ஏற்றி டெஸ்ட் எல்லாம் பச்சையாகும்வரை நில்லுங்கள், பிறகுதான் 3. நேராகத் தாவினால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும்.

இந்த மாற்றத்தில் எல்லோரும் இடறுகிற கற்கள் நான்கு. இம்போர்ட்டுகளில் ஜாவாக்ஸ் (javax) என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா (jakarta) ஆகிறது என்று கேட்டு, ஃபைல்களில் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுவார்கள். சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வாலிடேஷன் எல்லாம் மாறும். ஆனால் ஜாவாக்ஸின் எஸ்க்யூஎல், கிரிப்டோ பேக்கேஜ்கள் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேவின் சொந்தப் பிள்ளைகள், அவை மாறாது. கோடைத் தானாக மாற்றித் தரும் ஓப்பன்ரீரைட் போன்ற கருவி இந்த வேறுபாட்டை அறியும், கையால் மாற்றுகிறவருக்குத்தான் மறக்கும். இரண்டாவது, பழைய செக்யூரிட்டி கான்ஃபிகரேஷனில் எக்ஸ்டெண்ட் செய்துவந்த அடாப்டர் கிளாஸே இப்போது இல்லை, ஃபில்டர் செயினை பீனாக எழுத வேண்டும். மூன்றாவது, முகவரியின் முடிவில் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று என்று ஸ்ப்ரிங் இதுவரை எடுத்துக்கொண்டது, பூட் 3-க்கு அடியில் இருக்கும் ஸ்ப்ரிங் 6-இல் அந்தச் சலுகை இயல்பாக நிறுத்தப்பட்டுவிட்டது. மொபைல் ஆப்பின் பழைய வெர்ஷன் ஒன்று சாய்கோட்டோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று 404. யூனிட் டெஸ்டில் இது தெரியவே தெரியாது. நான்காவதுதான் ஆரக்கிள்காரர்களைக் கடிப்பது: முன்பு ஹைபர்னேட் (ஜாவா ஆப்ஜெக்ட்டை டேபிளோடு இணைக்கும் லைப்ரரி) எல்லா என்டிட்டிக்கும் பொதுவாக, ஐடி எண் தரும் ஒரே சீக்வென்ஸைத் தேடியது, 6-ஆம் பதிப்பு என்டிட்டிக்கு ஒன்றாகத் தேடுகிறது. பெயரை நீங்கள் வெளிப்படையாகக் கொடுக்கவில்லை என்றால், ஆப் நன்றாக எழுந்து நின்று, முதல் இன்சர்ட்டில் விழும்.

வர்ச்சுவல் த்ரெட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் பழைய அறிவும் புதிய அறிவும் சேர்ந்தால்தான் விடை வரும். ஜாவா 21-இல் வர்ச்சுவல் த்ரெட், அதாவது ஏராளமாக உருவாக்கக்கூடிய இலகுவான த்ரெட், முழுமையாக வந்தது. ஸ்ப்ரிங் பூட் 3.2-இலிருந்து ஒரே வரி கான்ஃபிகில் அதை இயக்கலாம். இயக்கியதும் வேகம் கூடும் என்று எதிர்பார்த்து, சில இடங்களில் நேர் எதிராக நடக்கிறது. ஸ்ப்ரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வரான டாம்கேட்டின் இயல்பான த்ரெட் எண்ணிக்கை 200. அந்த 200 இதுவரை யாரும் கேட்காமலே ஒரு வாசல் காவலாளியாக நின்றது. 201-ஆவது ரிக்வெஸ்ட் வெளியே வரிசையில் நிற்கும். வர்ச்சுவல் த்ரெட்டில் அந்தத் தடை இல்லை. வருகிற அத்தனையும் உள்ளே நுழைந்து, நேராக ஹிகாரி கனெக்ஷன் பூலில் போய் மோதும். அதன் இயல்பான அளவு 10. கனெக்ஷன் கிடைக்காத ரிக்வெஸ்ட் 30 விநாடி காத்திருந்து எக்ஸெப்ஷனோடு செத்துப்போகும். ஆக, த்ரெட் பஞ்சம் தீர்ந்து கனெக்ஷன் பஞ்சம் ஆரம்பிக்கிறது.

உடனே பூலை 100 ஆக்குவதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. அதற்கு முன் ஒரு வகுத்தல் போடுங்கள். ஒரு ரிக்வெஸ்ட் கனெக்ஷனை 50 மில்லிவிநாடி பிடித்துவைத்திருந்தால், 10 கனெக்ஷனில் விநாடிக்கு 200 ரிக்வெஸ்ட் தாங்கும். அதே ரிக்வெஸ்ட், ட்ரான்சாக்ஷனைத் திறந்துவைத்துக்கொண்டே பேமெண்ட் கேட்வேயைக் கூப்பிட்டு 400 மில்லிவிநாடி காத்திருந்தால்? மொத்தம் 450. விநாடிக்கு 22 தான். அந்த வெளி அழைப்பை ட்ரான்சாக்ஷனுக்கு வெளியே எடுத்துவைத்தால் பூலைத் தொடாமலே ஒன்பது மடங்கு கிடைக்கிறது. கூடவே ஸ்ப்ரிங் பூட்டின் ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பு இயல்பாக ஆன் நிலையில் இருக்கும். அது ட்ரான்சாக்ஷன் முடிந்த பிறகும், ரெஸ்பான்ஸ் போகிறவரை கனெக்ஷனை விடாது. ஆப் ஸ்டார்ட் ஆகும்போது லாகில் (log) ஒரு வார்னிங் போட்டு இதைச் சொல்கிறது, யாரும் படிப்பதில்லை. இன்னொன்று: ஜாவா 21-இல் சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும்) பிளாக்குக்குள் காத்திருக்கும் வர்ச்சுவல் த்ரெட் அடியில் இருக்கும் உண்மையான த்ரெட்டையும் சேர்த்துக் கட்டிப்போடும். 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24-இல்தான் இது சரிசெய்யப்பட்டது. பழைய லைப்ரரிகளில் சிங்க்ரனைஸ்டு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று ஊகிக்க, அந்த லைப்ரரிகளோடு காலம் தள்ளியவருக்குத்தான் மூக்கு வேர்க்கும்.

மூன்று, நான்காம் மாதங்கள் கன்டெய்னருக்கு. குபர்னெட்டிஸ் முழுவதையும் படிக்க ஆரம்பிக்காதீர்கள், அது கடல். குபர்னெட்டிஸின் சிறு வடிவங்களான கைண்ட் அல்லது மினிகியூப்பை லேப்டாப்பில் போட்டு, உங்கள் ஆப்பை ஏற்றி, அதை வேண்டுமென்றே சாகடியுங்கள். 512 எம்பி வரம்பு கொடுத்து எதுவும் சொல்லாமல் விட்டால் ஜேவிஎம் ஹீப்பாக, அதாவது ஆப்ஜெக்ட்டுகளுக்கான மெமரியாக, எடுத்துக்கொள்வது கால்வாசி, 128 எம்பி. போதவில்லை என்று ஹீப்பின் உச்ச அளவான எக்ஸ்எம்எக்ஸை 512 என்றே வைத்தால் இன்னும் மோசம். ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ் இருக்கிறது, டைரக்ட் பஃபர் இருக்கிறது, லினக்ஸில் ஒவ்வொரு சாதாரண த்ரெட்டுக்கும் ஸ்டேக்குக்கு 1 எம்பி வரை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து வரம்பைத் தாண்டியதும் கெர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடும். ஜாவா லாகில் அவுட் ஆஃப் மெமரி என்று ஒரு வரிகூட இருக்காது. பாட் (குபர்னெட்டிஸில் கன்டெய்னரை ஓட்டும் அலகு) நிலையில் 137 என்ற எக்ஸிட் கோடு மட்டும் இருக்கும். 128-உடன் 9-ஆம் சிக்னல் சேர்ந்தது அது. ஹீப் டம்ப் தேடி நேரத்தைத் தொலைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ஹீப்பை சதவீதத்தில் கொடுக்கும் அமைப்பை 60 முதல் 75 வரை வைத்து, லோடு கொடுத்து அளந்து பாருங்கள்.

கூடவே மூன்றைச் சோதித்துப் பாருங்கள். ஒரு சிபியு அல்லது 1792 எம்பிக்குக் குறைவான மெமரி கொடுத்தால் ஜேவிஎம் ஜி1 என்ற ஜிசியை விட்டுவிட்டு சீரியல் ஜிசியை எடுத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் ஒரு மாதிரியும் கிளஸ்டரில் வேறு மாதிரியும் ஓட இது ஒரு காரணம். ஜாவா 8-இல் 372-ஆவது அப்டேட்டுக்கு முந்தையவை, புதிய லினக்ஸ்களின் இரண்டாம் பதிப்பு சிகுரூப்பை (கன்டெய்னருக்கு வரம்பு போடும் கெர்னல் அமைப்பு) அறியாது. கன்டெய்னர் வரம்பைப் பார்க்காமல் முழு மெஷினின் மெமரியையும் தனது என்று நினைத்துக்கொள்ளும். நோடு இமேஜை அப்கிரேடு செய்த வாரத்தில் பழைய ஆப்புகள் மட்டும் சாக ஆரம்பித்தால் முதலில் இங்கே பாருங்கள். மூன்றாவது, லைவ்னஸ் ப்ரோப், அதாவது ஆப் உயிரோடு இல்லையென்றால் அதை ரீஸ்டார்ட் செய்யவைக்கும் சோதனை. அதில் டேட்டாபேஸ் செக்கை வைக்கவே கூடாது. டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானதும் எல்லாப் பாட்களும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகி, எல்லாம் ஒன்றாகப் புது கனெக்ஷன் கேட்டு, மெதுவாக இருந்ததை முழுவதுமாகப் படுக்கவைக்கும். டேட்டாபேஸ் செக் வேண்டுமானால் டிராஃபிக் வாங்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினஸில் வையுங்கள், அதிலும் யோசித்து.

ஐந்திலிருந்து ஏழாம் மாதம் வரை போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ். ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும் ப்ராஜெக்ட்டுகள் லைசென்ஸ் செலவு காரணமாக நடந்துகொண்டே இருக்கின்றன, இரண்டு பக்கமும் தெரிந்தவர் அங்கே தனி மரியாதையோடு இருப்பார். டேபிளையும் டேட்டாவையும் மாற்ற ஓராடூபிஜி போன்ற கருவிகள் உண்டு. கருவி மாற்றாதவைதான் உங்கள் சரக்கு. ஆரக்கிளில் வெற்று ஸ்ட்ரிங் என்றால் நல். போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு, எனவே நல் சரிபார்ப்பை நம்பிய ரிப்போர்ட் எல்லாம் எண்ணிக்கை மாறும். ஆரக்கிளின் டேட் வகையில் நேரமும் உண்டு, இங்கே தேதி மட்டும்தான். ட்ரான்சாக்ஷன் நடுவில் ஒரு இன்சர்ட் தோற்றால் ஆரக்கிள் அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டை மட்டும் திருப்பிவிட்டு மேலே போகவிடும். போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் செய்கிறவரை அடுத்த எந்தக் கட்டளையையும் ஏற்காது. டூப்ளிகேட் வந்தால் பிடித்து அப்டேட் செய்வது என்ற பழைய ஜாவா கோடு மொத்தமும் இதில் அடிபடும். சேவ்பாயிண்ட் (ட்ரான்சாக்ஷன் நடுவில் திரும்பிவரும் இடம்) போட வேண்டும், அல்லது இன்சர்ட்டிலேயே ஆன் கான்ஃப்ளிக்ட் எழுத வேண்டும்.

வேக்குவம்தான் இதில் ஆழமான பகுதி. ஒரு வரியை அப்டேட் செய்தால் ஆரக்கிள் பழைய வரியை அண்டூ என்ற தனி இடத்தில் வைக்கும். போஸ்ட்கிரெஸ் டேபிளுக்குள்ளேயே விட்டுவைக்கும், பிறகு ஆட்டோவேக்குவம் வந்து கூட்டிப் பெருக்கும். எப்போது வரும்? இயல்பான அமைப்பில் செத்த வரிகள் டேபிளின் 20 சதவீதத்தோடு 50-ஐத் தாண்டும்போது. சின்ன டேபிளுக்கு இது சரி. 10 கோடி வரி உள்ள டேபிளில் 2 கோடி வரி செத்துக் குவிகிறவரை யாரும் வரமாட்டார்கள் என்று பொருள். பெரிய டேபிள்களுக்கு மட்டும் தனியாக அந்த விகிதத்தை 1 அல்லது 2 சதவீதமாகக் குறைப்பார்கள். அப்படியும் குப்பை போகவில்லை என்றால், எங்கோ ஒரு செஷன் ட்ரான்சாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்த நேரத்துக்குப் பிறகு செத்த எதையும் வேக்குவத்தால் அள்ள முடியாது. அப்படிச் சும்மா கிடக்கும் செஷனை வெட்டிவிடும் டைம்அவுட் இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கிறது. கனெக்ஷன் எண்ணிக்கையும் ஆரக்கிள் மனசோடு பார்த்தால் ஏமாற்றும்: போஸ்ட்கிரெஸில் கனெக்ஷனுக்கு ஒரு ப்ராசஸ், இயல்பான உச்சவரம்பு 100. பாட் ஒன்றுக்குப் பூல் 10, பாட்கள் 8 என்றால் எல்லாம் அமைதி. ஒரு விற்பனை நாளில் ஆட்டோஸ்கேலிங் அதை 12 ஆக்கினால் 120 கேட்கும், அன்றைக்குத்தான் விழும். நடுவில் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வைப்பது வழக்கமான மருந்து.

மிச்ச இரண்டு மாதத்தில் இவற்றையெல்லாம் சேர்த்து மூன்று நான்கு பரிசோதனைகள் செய்யுங்கள். கே6, கேட்லிங், ஜேமீட்டர், எது கைக்கு வருகிறதோ அதில் லோடு கொடுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், பி99-ஐ, அதாவது நூற்றில் 99 ரிக்வெஸ்ட் எந்த நேரத்துக்குள் முடிகிறது என்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு: என்ன லோடு, என்ன அமைப்பு, எங்கே உடைந்தது, முதலில் என்ன ஊகித்தீர்கள், அளவீடு எதைக் காட்டியது, மாற்றிய பின் எண் என்ன. இந்தக் குறிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி ஒரு கிட் (Git) ரெப்போவில் வையுங்கள். நேர்காணலில் “குபர்னெட்டிஸ் எத்தனை வருடம்?” என்று கேட்பவருக்கு, 137-இல் செத்த ஆப்பின் கிராஃபைக் காட்டினால் அடுத்த கேள்வி வருடத்தைப் பற்றி இருக்காது.

சான்றிதழ் வேண்டுமா என்றால், ஒன்றே ஒன்று, குபர்னெட்டிஸ் நிர்வாகத்துக்கான சிகேஏ. இரண்டு மணி நேரம் உண்மையான கிளஸ்டரில் கையால் செய்து காட்டும் தேர்வு, 66 சதவீதம் தேவை, இரண்டு வருடம் செல்லும். அப்ஜெக்டிவ் கேள்வித் தேர்வுகள் பென்ச்சில் இருக்கும்போது கம்பெனிக்குள் ஆட்களை ப்ராஜெக்ட்டுக்கு ஒதுக்கும் ஆர்எம்ஜியிடம் காட்ட உதவும். வெளியே அதைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை.

கோடு எழுதும் ஏஐ கருவிகள் பழையவர்களுக்கு எதிரி என்ற பேச்சை நான் பாதிதான் ஏற்கிறேன். புதிய மொழியின் இலக்கணம் தெரியாததுதான் இத்தனை நாள் உங்களுக்கு இருந்த பெரிய தடை. குபர்னெட்டிஸ் அமைப்புகளை எழுதும் யாமல் ஃபைலின் இண்டென்ட்டோடு ஒரு மாலையெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம், அது எழுதித் தரும். ஆனால் எழுதித் தருவதில் தவறு எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டும். பூட் 3 ப்ராஜெக்ட்டில் ஜாவாக்ஸ் இம்போர்ட் போடும், இரண்டு பதிப்புகளின் செக்யூரிட்டி கோடைக் கலந்து கொடுக்கும், வெளி அழைப்புக்கு டைம்அவுட் வைக்காது, தொடும்போதுதான் டேட்டாபேஸுக்குப் போகும் லேஸி கலெக்ஷனை லூப்புக்குள் தொட்டு ஒரு க்வெரியை ஆயிரமாக்கும். எல்லாம் ஓடும், டெஸ்ட்டும் பாஸாகும். படிக்கும் காலத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: க்வெரியை அது எழுதட்டும், ஆனால் பிளான் எப்படி வரும், எத்தனை வரி படிக்கும் என்று நீங்கள் முதலில் தாளில் எழுதிவிட்டு உண்மையில் நடந்த பிளானைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸை ஓட்டுங்கள். ஊகமும் எண்ணும் பத்து மடங்கு விலகும் இடத்தில்தான் உங்களுக்குப் பாடம் இருக்கிறது.

இனி வயது. ரெஸ்யூம் இரண்டு பக்கம், கடைசி பத்து வருடம் விரிவாக, அதற்கு முந்தையது நான்கு வரி. ஸ்ட்ரட்ஸ், விசுவல் சோர்ஸ் சேஃப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். “21 வருட அனுபவம்” என்று தலைப்பில் போடாதீர்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் இவர் மேனேஜர் அளவுக்குச் சம்பளம் கேட்பார், கோடு எழுதமாட்டார் என்று முடிவு கட்டுகிறார்கள். “டீமை வழிநடத்தினேன்” என்ற வரிகளுக்குப் பதில் “இரவு பேட்ச் 5 மணி நேரத்திலிருந்து 70 நிமிடமானது, காரணம் இது” என்ற வகையில் எழுதுங்கள், உங்கள் உண்மையான எண்களோடு. கோடிங் ரவுண்டுக்கு அரே, ஹேஷ் மேப், டூ பாயிண்டர், ஹீப், கிராஃபில் பிஎஃப்எஸ் டிஎஃப்எஸ் வரை ஆறு வாரம் தயார் செய்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கடினமான டைனமிக் ப்ரோகிராமிங் கேட்கும் கம்பெனிகள் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள், அந்த நேரம் போஸ்ட்கிரெஸில் போகட்டும். ஜிசிசிகளில் (வெளிநாட்டுக் கம்பெனிகளின் சொந்த இந்திய மையங்கள்) ஸ்டாஃப், பிரின்சிபல் என்று ஆள் மேய்க்காத ஏணி ஒன்று இருக்கிறது. நுழையும்போது பதவிப் பெயர் ஒரு படி குறைந்தாலும், கையால் வேலை செய்யும் பதவியாக இருந்தால் வாங்கிக்கொள்வதே நல்லது. இன்னும் மூன்று வருடம் எக்ஸெல்லும் ஸ்டேட்டஸ் காலுமாகப் போனால் இந்தக் கதவும் மூடிவிடும். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் பென்ச்சில் இருக்கும்போதே குறைக்கச் சொல்லி எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள், பென்ச் ஆளை விடுவிப்பதில் அவர்களுக்கும் அவசரம் உண்டு.

எஸ்ஆர்இ வேலை ஏதாவது கைக்கு வந்தால் ஒப்புக்கொள்வதற்கு முன் சிஸ்டம் விழுந்தால் இரவிலும் எழுந்து பார்க்கும் ஆன்-கால் சுற்றில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரே ஊரில் இருக்கும் டீமுக்குக் குறைந்தது எட்டு பேர் வேண்டும் என்பது கூகுள் எஸ்ஆர்இ டீம்கள் வெளியிட்ட வழிகாட்டுதல். மூன்று பேர் என்று சொன்னால் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் தூக்கம் போகும். பிரஷரும் சுகரும் எட்டிப் பார்க்கும் வயதில் அது நல்ல பேரம் அல்ல. 45-ஐ ஒட்டி வெள்ளெழுத்தும் வரும். கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிப் பவர் கண்ணாடி போட்டுக்கொண்டால், “முன்னைப்போல உட்கார முடியவில்லை” என்ற குறையில் கொஞ்சம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கணக்கெடுப்பில் பத்துக்கு ஏழு பிசினஸ் லாஜிக் என்று வந்தவர்களுக்கு மேலே சொன்னதில் ஜாவா பகுதி மட்டும் போதும். உங்கள் ஆழம் துறையில் இருக்கிறது. வங்கிப் பேமெண்ட்டில் பத்து வருடம் இருந்தவர் பேமெண்ட் செய்திகளுக்கான புதிய தரமான ஐஎஸ்ஓ 20022-ஐ எடுத்துக்கொள்ளலாம். நாடு தாண்டிய பணப் பரிமாற்றச் செய்திகளில் வங்கிகளுக்கிடையே செய்தி கடத்தும் ஸ்விஃப்ட்டின் பழைய எம்டி வடிவமும் புதியதும் சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பரில் முடிந்தது. ஆனாலும் வங்கிகளுக்கு உள்ளே பழைய வடிவத்தை எதிர்பார்க்கும் சிஸ்டங்கள் இருக்கின்றன, நடுவில் மாற்றிக் கொடுக்கும் அடுக்கில் தகவல் வெட்டுப்படுகிறது. எம்டியில் 35 எழுத்து கொண்ட நான்கு வரியில் அடங்கிய பெயரும் முகவரியும் புதியதில் தெரு, ஊர், நாடு என்று தனித்தனிப் புலமாக வருகின்றன. அதைப் பழைய சிஸ்டத்துக்காகச் சுருக்கும்போது எதை வெட்டினால் சாங்ஷன் ஸ்க்ரீனிங் (தடைப் பட்டியலோடு பெயரை ஒப்பிடும் சோதனை) தப்பாகும் என்று சொல்லத் தெரிந்தவரை ஜாவா பதிப்பு கேட்டு யாரும் திருப்பி அனுப்புவதில்லை. காப்பீட்டில் கிளெய்ம், டெலிகாமில் பில்லிங் என்று இருந்தவர்களுக்கும் இதேதான்: ரெஸ்யூமில் முதல் வரி துறையின் பெயராக இருக்கட்டும், மொழியின் பெயர் இரண்டாவது வரியில் வரட்டும்.